கணக்கேட்டுப் படியும் கணினிக் காப்புப்படியும்

கொழும்புக் கோட்டையின் மதிலுக்குப் புறத்தே அமைந்தமையின் புறக்கோட்டை எனத் தமிழில் வழங்கும் வணிகப்பகுதியை ஆங்கிலர் 'பெற்றா' என்றனர். அச்சொல்லும் நமது 'பேட்டை' என்பதன் திரிபே. ஒல்லாந்தர் காலத்தில் அவர்தம் குடியிருப்பாக விளங்கிய இவ்விடம், ஆங்கிலராட்சியில் மொத்த வணிகத்தின் நடுவிடமாயிற்று. குறுக்குத்தெருக்கள் ஐந்தும் துறைமுகத்துச் சரக்கை நாடெங்கும் அனுப்பும் வாயில்களாயின. அவற்றை அடுத்துக் கதிர்வேலாயுத சுவாமி கோயில்கள் இரண்டும் நிற்கும் செட்டியார் தெருவில், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் நிரம்பியிருந்தன. பொருளைக் கொடுத்து வாங்கிய செய்தியைப் பலரும் எழுதியுள்ளனர். கணக்கை எவ்வாறு காத்தனர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

நகரத்தார் கடையின் முதலாளி செட்டிநாட்டிலிருப்பார். கொழும்பிலோ இரங்கூனிலோ பினாங்கிலோ கடையை நடத்துபவர் அவருடைய முகவர். முகவரின் தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. நாள்வழிக் குறிப்பிலிருந்து பேரேட்டிற்குப் பெயர்த்தெழுதி, பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்து, அதனை உரிய காலத்தில் ஊருக்கு அனுப்புதல் அவர்தம் கடமைகளுள் ஒன்று. முகவரை மேற்பார்வை செய்தற்பொருட்டே இம்முறை ஏற்பட்டதென்பது உண்மையே. ஆயினும் அதனால் விளைந்த வேறொரு பயனும் உண்டு. கடல் கடந்த கடையில் தீப்பற்றினாலும், கறையான் ஏட்டை அரித்தாலும், யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பதன் சுருக்கம் வேறோர் ஊரில், வேறோர் பெட்டகத்தில் இருந்தது. குறித்த காலத்தில், குறித்த முறையில், தொலைவிடத்திற்குப் படி அனுப்புதல் என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

ஏட்டுச்சுவடிகளைக் காத்தோர் நெறியும் இதனோடு ஒத்ததே. நம் நாட்டு வெம்மையிலும் ஈரத்திலும் பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளுக்கு மேற்படாது. ஆகவே பழைய ஏடு முற்றும் நைந்து போகுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தல் ஒவ்வொரு தலைமுறையும் செய்யவேண்டிய பணியாயிற்று. ஆண்டுதோறும் வாணி விழாவில் ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி வைப்பதும், சிதைந்தவை எவை என்று கண்டறிய வாய்ப்பளித்தது. படியெடுத்தபின் ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றொருவர் புதிய ஏட்டை ஒத்துப்பார்த்தல் வேண்டும்; அவ்வாறு பாராத படியிற் பிழை மலிந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளைத் தேடிப்பெற்று ஒப்புநோக்க நேர்ந்தமைக்கு, ஒவ்வொரு படியும் ஒவ்வோரிடத்தில் சிதைந்திருந்தமையே காரணம். எல்லாப் படியும் ஒரே இடத்திற் சிதைந்திருப்பின் அவ்விடம் என்றுமே விளங்கியிராது.

இனிக் கணினியின் வரலாற்றுக்கு வருவோம். மசாசூசெற்சுத் தொழினுட்பக் கழகத்தில் 1961 இல், ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறை முதன்முதல் செய்து காட்டப்பட்டது. பலருடைய கோப்புகள் ஒரே பொறியிற் சேர்ந்திருந்தமையால், ஒரு பழுது பலருடைய உழைப்பையும் அழிக்கக்கூடும் என்னும் அச்சமும் உடன் பிறந்தது. அப்பொறியிற் பணிபுரிந்த பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான், நாள்தோறும் ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்டெழுதுவதில் சலிப்புற்று, அவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து, அக்கோப்பின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் யாவும் நிறைவேறுமாறு ஒரு நிரலை 1963 அளவில் ஆக்கினார். கட்டளைக்கோவையின் தோற்றம் இதுவே. 1965 இல் டேலி, நியூமன் என்னும் இருவர், மல்றிக்ஸ் எனப்பட்ட அடுத்த பெரும் முறைமையின் கோப்பமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், புதிதாக மாறிய கோப்புகளை மட்டும் அவ்வப்போது நாடாவிற் படியெடுத்தலும், வாரந்தோறும் விரிவாகப் படியெடுத்தலும் எடுத்துரைக்கப்பட்டன. இன்று நாம் புதுமையெனக் கருதும் முறைகளிற் பல அக்கட்டுரையிலேயே உள்ளன என்பது வியப்பிற்குரியது.

கட்டளைக்கோவையும் காலமும் இணைந்து பரவியது 1979 இல். பெல் ஆய்வுகூடத்து யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்ரீபன் போர்ண் எழுதிய கட்டளை விளக்கியும், கோப்புகளை ஒன்றுகட்டி நாடாவிற்கு அனுப்பும் தார் என்னும் கட்டளையும், குரொன் என்னும் நேரக்காவலனும் ஒருங்கே வெளிவந்தன. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் அட்டவணையைப் பார்த்து, அந்நிமிடத்துக்குரிய கட்டளை இருப்பின் அதனை ஏவி, மீண்டும் உறங்குவதே குரொனின் தொழில். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள் உண்டு. ஆறாவதாகக் கட்டளை வரும். '15 22 * * 1-6' என்றெழுதினால், திங்கள் முதல் சனி வரை இரவு 10.15 மணிக்கு ஏவுக என்பது பொருள். 1987 இல் போல் விக்சி இதனை விரித்தெழுதினார். இன்று வழக்கிலுள்ளவற்றுட் பல அதன் வழிவந்தவை.

சிறு கடைகளை வந்தடைந்த கணினியோ வேறு மரபினது. 1981 இல் வெளிவந்த டொஸ் முறைமையில் கட்டளைக்கோவை இருந்தது. 1983 இல் வந்த இரண்டாம் பதிப்பில் காப்புப்படி எடுக்கும் கட்டளையும் சேர்ந்தது. நேரக்காவலன் மட்டும் இல்லை. கடை சாத்தும் வேளையில் ஒருவர் இருந்து, நெகிழ்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். களைத்த ஊழியர் அதனை நாளைக்கென ஒதுக்கிவைப்பது இயல்பு. 1990களில் வின்டோஸ் என்டி வந்தபின்னரே, ஆளின்றி இரவில் இப்பணி நடைபெறும் வசதி இம்மரபிலும் பரவலாயிற்று.

புறக்கோட்டையில் மொத்த வணிகக் கடை ஒன்றை மனத்திற் கொள்வோம். கடனுக்குச் சரக்கு பெற்ற வெளியூர் வணிகர் பெயர்கள் யாவும் கணினியில் உள்ளன. இரவு 10.15 க்கு எழும் கட்டளைக்கோவை யாது செய்தல் வேண்டும்? முதலில் அன்றைய தேதியைக் கேட்டறிந்து, அதனையே படியின் பெயராக வைத்தல் வேண்டும். நேற்றைய படியின்மீதே இன்றைய படியை எழுதினால், இன்று பழுதான கணக்கு நேற்றைய நல்ல கணக்கையும் விழுங்கிவிடும். அடுத்து, படி சென்று சேரவேண்டிய தட்டு இணைக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். பின்னர்த் தரவுத்தளத்தை ஒருநிலைப்படுத்திப் பெயர்த்தெடுத்து, சுருக்கி, அனுப்புதல் வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் ஒரு முடிவெண்ணைத் தருகின்றது. அது சுழியமாயின் வெற்றி, வேறெண்ணாயின் தோல்வி. அவ்வெண்ணைக் கேளாமலே அடுத்த வரிக்குச் செல்லும் கட்டளைக்கோவைகளே நடைமுறையில் மிகுதி. இறுதியாக, செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி ஒருவருக்கு அறிவித்தல் வேண்டும். பழைய படிகளுள் எவற்றை வைத்து எவற்றை நீக்குவதென்பதற்குப் பாட்டன், தந்தை, மகன் என்றொரு முறையுண்டு. நாட்படி 7, வாரப்படி 4, மாதப்படி 12 ஆக 23 படிகள் வைத்தால், ஓராண்டுக்கு முன்னைய நிலையையும் காணலாம்.

பகலிற் கையால் ஏவும்போது குறையின்றி இயங்கும் கட்டளைக்கோவை இரவில் தோற்பதும் உண்டு. பயனர் உள்நுழையும்போது அமையும் வழிகளும் அமைப்புகளும் நேரக்காவலனுக்குக் கிடைப்பதில்லை. கட்டளை எங்கேயுள்ளதென அதற்கு முழுப்பாதையுடன் சொல்லவேண்டும். இதனை அறியாதார் பலர்.

நேரத்தையே நம்பியிருக்கும் இவ்வேற்பாட்டிற்கு இலங்கையில் தனியான சோதனைகள் நேர்ந்தன. மின்தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே 25 ஆம் தேதி நள்ளிரவில் நாட்டின் கடிகாரங்கள் ஒருமணி முன் நகர்த்தப்பட்டன. 12 மணி உடனே 1 மணி ஆயிற்று. அவ்விரவு 12.15 என்றொரு நேரமே நாட்டில் இருக்கவில்லை. அந்நேரத்துக்குக் குறித்த பணியை எளிய நேரக்காவலன் ஏவியிருக்க இயலாது. அவ்வாண்டு ஒக்டோபர் 26 இலும், பின்னர் 2006 ஏப்ரல் 15 இலும் கடிகாரம் அரைமணி பின் சென்றபோது 12.15 இருமுறை வந்தது. (1996 இன் மாற்றத்தை விடுதலைப்புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகள் ஏற்காமையால், ஒரே தீவில் இருநேரம் வழங்கிய விந்தையும் உண்டு.) 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது நிலைமை இன்னும் கடினமாயிற்று. குறித்த நிமிடத்திற் பொறி அணைந்திருப்பின், குரொன் அப்பணியைப் பின்னர் நினைவுகூர்வதில்லை. தவறியதை அறிந்து மீண்டும் ஏவுதற்கென அனாக்குரொன் என்பது தனியே ஆக்கப்பட்டது. வின்டோசிலும் அதற்கொரு தெரிவு உண்டு. அத்தெரிவைத் தாமே இட்டுவைக்கவேண்டும்.

படி எடுக்கப்படுகின்றது என்று நம்பியிருந்தோர் உண்மையறிந்து திடுக்குற்ற நிகழ்ச்சிகளுள், 2017 சனவரி 31 இல் கிற்லாப் நிறுவனத்தில் நடந்ததை அந்நிறுவனத்தாரே ஒளிவின்றி வெளியிட்டமை பாராட்டற்குரியது. பணியாளர் ஒருவர் தவறான பொறியில் அழித்தற் கட்டளையைத் தந்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைற்றுத் தரவில் 4.5 மட்டுமே எஞ்சிற்று. நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய காப்புப்படியைத் தேடியபோது, அது இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, படியெடுக்கும் கருவியின் பதிப்போ 9.2. இரண்டும் பொருந்தாமையின் ஒவ்வொரு முறையும் பணி தோற்றது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டமையால் ஒருவரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணிநேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்துவைத்த படி ஒன்றே அவர்களைக் காத்தது.

படி வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்கு நாம் அயல்நாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியுண்டன. 1983 யூலையில் புறக்கோட்டைத் தமிழர் கடைகள் தீக்கிரையானபோது சரக்குடன் கடையிலிருந்த ஏடுகளும் எரிந்தன. சரக்கு பலருக்கும் தெரியும் இழப்பு. கடன் ஏடு எரிந்தாலோ, வரவேண்டியது எவ்வளவு என்று கேட்டற்கும் ஆதாரம் இல்லை. கடன்பட்டவரின் நாணயமே வணிகருக்கு எஞ்சிய ஏடு. இன்றும் கணினியையும் காப்புத்தட்டையும் ஒரே மேசையில் வைத்துக் கதவடைத்துச் செல்வதைக் காணும்போது, செட்டியார் தெருவிலிருந்து கடல் கடந்து சென்ற ஐந்தொகையின் அருமை தெளிவாகின்றது.

வேறிடம் என்பது தொலைவு மட்டும் அன்று என்பதை 2023 இன் நிகழ்ச்சி காட்டுகின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் 26 இல், இலங்கை அரச மேகக்கணினி முறைமையைப் பணயம் கேட்கும் தீநிரல் ஒன்று தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகத்தினது உள்ளிட்ட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. வலையமைப்புடன் இணைந்திருந்த காப்புப்படியும் தாக்குதலுக்குள்ளாயிற்று. மூலத்தை எட்டும் கை படியையும் எட்டிற்று. இணைப்பினின்று பிரித்து வைத்த படியோ மே 17 இற்குப் பின்னைய காலத்துக்கு இல்லை. முறைமையை விரைவில் மீண்டும் இயங்கச் செய்தனர். தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம், இனி நாள்தோறும் பிரித்த காப்புப்படி எடுக்கப்படும் எனச் செப்டெம்பரில் அறிவித்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான ஏறத்தாழ 100 நாட்களின் கடிதங்கள் மீளவில்லை.