தீப்பெட்டி லேபிளும் நம்ம ஊர்ச் சரித்திரமும்

போலந்து நாட்டின் வார்சா நகரில் பழைய நியான் விளம்பரப் பலகைகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 2012-ல் திறந்தார்கள். அமெரிக்காவில் லாஸ் வேகஸிலும் அப்படி ஒன்று உண்டு. காயலான் கடைக்குப் போக வேண்டிய ஓட்டல் பலகையும் தியேட்டர் பலகையும் அங்கே பத்திரமாக நிற்கின்றன. நியான் விளக்கை 1910-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் எரிய விட்டுக் காட்டியவர் ஜார்ஜ் க்ளோட் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கொஞ்சம் பெருமை வரும். உலகப் போரின்போது ஜெர்மானியருக்குத் துணை போனதற்காக 1945-ல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது நினைவுக்கு வந்தால் பாதிப் பெருமை போய்விடும். அது வேறு கதை.

சூலக்கரை வழியாகச் சாத்தூர் போகிற சாலையில் அப்படிக் காப்பாற்றி வைக்க நியான் பலகை எதையும் நான் பார்த்ததில்லை. நம் வட்டாரத்து விளம்பரம் கண்ணாடிக் குழாயில் எரியவில்லை. இரண்டு அங்குலக் காகிதத்தில் அச்சாகி, தீப்பெட்டி மேல் ஒட்டப்பட்டு, இந்தியா முழுக்கப் போனது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதற்கு முன் நம் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தவை பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த பெட்டிகள். அந்நாட்டுக் கம்பெனிகள் கெட்டிக்காரத்தனமாக நம் சாமி படங்களையே லேபிளில் போட்டு அனுப்பின. சிவகாசிக்காரர்கள் தொழிலைக் கற்றதோடு இந்த வித்தையையும் எடுத்துக்கொண்டார்கள். எழுத்துத் தெரியாதவர் கடையில் வந்து பெயர் சொல்லிக் கேட்க மாட்டார். கிளிப் பெட்டி கொடு, மான் பெட்டி கொடு என்றுதான் கேட்பார். ஆகவே படம்தான் கம்பெனியின் கையெழுத்து. பட்டாசிலும் அதே கதைதான். அணில் மார்க், சேவல் மார்க் என்றுதானே நாமும் கேட்டோம்?

படம் வேண்டுமென்றால் அச்சு வேண்டும். அப்படித்தான் தீப்பெட்டியின் பின்னாலேயே லித்தோ அச்சகங்கள் வந்தன. லித்தோ என்றால் கல். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் ஓவியர் படத்தை இடம் வலம் மாற்றி வரைவார். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரு சிறு லேபிளை வரைந்து, அதைப் பல பிரதிகளாகப் பெரிய கல்லுக்கு மாற்றி, ஒரே தாளில் வரிசை வரிசையாக அடித்து வெட்டுவார்கள். பிறகு துத்தநாகத் தகடு வந்தது, ஆப்செட் வந்தது. கல்லுக்கு வேலையில்லை. ஓர் அச்சகத்தின் பின்கட்டில் அப்படியொரு கல் துணி துவைக்கக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

லேபிளைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. 1934-ல் வெள்ளைக்காரர் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு காகிதப் பட்டை பெட்டியில் ஒட்டியிருக்க வேண்டும். அதற்குப் பெயர் பேண்ட்ரோல். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நீளமான சிறு கொடி என்று அர்த்தம். எங்கள் பள்ளியில் படித்த சொல் சிவகாசித் தீப்பெட்டியில் கிழிந்து தொங்கும் என்று யார் கண்டது! தீப்பெட்டியைத் திறப்பவர் முதலில் கிழிப்பது அதைத்தான் என்பதால் கிழியாத பட்டையோடு பழைய பெட்டி கிடைப்பது அபூர்வம்.

லேபிளில் சிரிக்கும் குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பெட்டி ஒட்டியதும் குச்சி அடுக்கியதும் பல காலம் குழந்தைகளே. விடியுமுன் கம்பெனி வேன் கிராமம் கிராமமாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் யார்? 1986-ல் சட்டம் வந்தது. சிவகாசியை வைத்து நடந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே லேபிளை மட்டும் சட்டம் போட்டு மாட்டினால் பாதிச் சரித்திரம்தான். கூலிப் புத்தகம், ஆள் வருகைப் பதிவேடு இவையும் பக்கத்தில் இருக்க வேண்டும். குமாஸ்தா புத்தி என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் பழைய கணக்குப் புத்தகங்கள்தான் எடைக்கு முதலில் போகின்றன.

2021 டிசம்பரில் பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. சீன லைட்டர்களால் தொழில் படுகிறது என்ற முறையீட்டுக்குப் பிறகு, இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-ல் மத்திய அரசு தடை செய்தது. தொழில் நிற்குமோ நிற்காதோ, மூடுகிற கம்பெனியின் பரண் முதலில் காலியாகிவிடும்.

உங்கள் வீட்டில் பழைய லேபிள் இருந்தால் லேமினேஷன் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்கவே முடியாது. பெட்டியோடு இருந்தால் பெட்டியோடே வைத்திருங்கள். மைதா பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். அந்தக் காலத்தில் பசையில் மயில்துத்தம் கலந்தது அதற்காகத்தான். தாளுக்குப் பின்னால் பென்சிலால், பேனாவால் அல்ல, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதிவிடுங்கள். அந்த வருடங்களில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர் உங்கள் தெருவில் யாராவது இருந்தால், அவரைக் கேட்டு அதையும் எழுதுங்கள்.