மலை காணச் சென்றவரும் மலையில் வாழ்ந்தவரும்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் ஒரு பேச்சுத் தவறாமல் எழும். இவ்வாண்டு ஊருக்குச் செல்வதா, அன்றி ஏதேனும் மலைக்கோ கடற்கரைக்கோ சென்று வருவதா என்பதே அது. தில்லியில் வாழ்வோர் சிம்லாவையும் முசூரியையும் எண்ணுவர். மும்பையில் வாழ்வோர் மாதேரானையும் மகாபலேசுவரத்தையும் எண்ணுவர். கொல்கத்தாவில் வாழ்வோர்க்கு டார்ஜிலிங்கும் பூரியும் நினைவில் எழும். ஊருக்குச் சென்றாலும், அங்கிருந்து உதகைக்கோ கோடைக்கானலுக்கோ ஒருமுறை ஏறி இறங்கினாலன்றிக் குழந்தைகள் மனநிறைவு கொள்வதில்லை. இப்பழக்கம் நமக்கு எவ்வாறு வந்தது? நாம் கண்டு மகிழச் செல்லும் இடங்கள் யாருடைய இடங்கள்? இவ்விரு வினாக்களையும் வரலாற்று நோக்கில் சிறிது ஆராய்வது பயனுடையதாகும்.

பண்டை மரபு

இயற்கை எழிலைக் காண்பதற்கென்றே பயணம் செய்வது ஆங்கிலேயர் நமக்குக் கற்பித்த வழக்கம் என்று கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரத்தையும் பூவையும் பறவையையும் தொழிலையும் வரையறுத்த மக்கள், அந்நிலங்களைக் கண்ணாரக் காணாமல் அதனைச் செய்திருக்க இயலாது. பரிபாடல், மதுரை மக்கள் திரண்டு திருப்பரங்குன்றம் செல்லும் காட்சியை விரித்துரைக்கிறது. முருகனை வழிபட்ட பின்னர் அவர்கள் மண்டபத்துச் சுவர் ஓவியங்களைச் சுற்றிப் பார்க்கின்றனர். ஓவியத்தில் இருப்பவர் யாவர் என்று கேட்போரும் விடை கூறுவோரும் அங்கு உளர். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்து மகிழ்வோரும் உளர். இன்று நம் பிள்ளைகள் மலைப்பாதையில் செய்வதும் அதுவே அன்றோ? வழிபாடும் பொழுதுபோக்கும் அன்று பிரியாமல் ஒன்றாகவே நடந்தன.

சிலப்பதிகாரத்தில் இருவகைப் பயணங்கள் உள்ளன. முதலாவது, இந்திர விழாவின் நிறைவில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் சென்றது. இன்ப நாட்டத்துடன் தொடங்கிய அப்பயணம் பிரிவில் முடிந்தது. இரண்டாவது, சேரன் செங்குட்டுவன் தன் தேவி இளங்கோ வேண்மாளுடன் மலையின் வளத்தைக் காண வஞ்சி மாநகரினின்றும் புறப்பட்டது. அவன் படையெடுத்துச் செல்லவில்லை, வேட்டைக்கும் செல்லவில்லை. மலையைக் காண்பதற்காகவே சென்று, பேரியாற்றங்கரை மணலில் தங்கினான். அங்கே குன்றக் குறவர் யானைத் தந்தமும் அகிலும் தேனும் சந்தனமும் சுமந்து அவனைக் காண வந்தனர். வந்தவர், வேங்கை மரத்தின் நிழலில் தாம் கண்ட ஒரு பெண்ணைப் பற்றிய செய்தியையும் அவனிடம் கூறினர். அவளே கண்ணகி. உடனிருந்த சாத்தனார் அவள் வரலாற்றை விளக்க, தேவி அவளை வழிபடவேண்டும் என உரைக்க, அதன் பயனாகவே இமயத்தில் கல் எடுக்கும் பயணம் நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மலையைக் காணச் சென்ற மன்னன் மலையில் வாழ்வோர் சொல்லைக் கேட்டான். கேளாதிருந்தால் அவன் அருவியையும் மரங்களையும் கண்டு மகிழ்ந்து அரண்மனைக்குத் திரும்பியிருப்பான். வஞ்சிக் காண்டத்தின் கதை நிகழ்ந்திராது.

வெள்ளையர் கண்ட மலைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைப்பயணம் வேறொரு வடிவம் கொண்டது. சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் ஆங்கிலேயரை வாட்டின. நோயுற்ற படைவீரரையும் அதிகாரிகளையும் தாயகத்துக்கு அனுப்புவது பெருஞ்செலவாயிற்று. எனவே தாயகத்தின் தட்பவெப்பத்தை ஒத்த மலைகளை இந்நாட்டிலேயே தேடினர். கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு நீலகிரி மீது ஏறினார். 1822இல் உதகையில் அவர் கட்டத் தொடங்கிய கல்வீடு, அந்நகரின் முதல் ஐரோப்பியக் கட்டடமாகும். 1835இல் சிக்கிம் அரசர் டார்ஜிலிங் மலைப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். மதுரையில் சமயப்பணி ஆற்றிய அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் கோடைக்கானலில் குடியேறினர். அங்குள்ள ஏரி, மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு என்பவரால் 1863இல் அமைக்கப்பெற்றது. 1864 முதல் சிம்லா இந்தியப் பேரரசின் கோடைத் தலைநகரமாயிற்று. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள கல்கத்தாவிலிருந்து ஆண்டுதோறும் அலுவலகமே பெயர்ந்து அம்மலைக்குச் சென்று வந்தது.

இம்மலைகள் ஆளற்ற வெற்று நிலங்கள் அல்ல. நீலகிரியில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடரும், இரும்பும் மட்பாண்டமும் வனைந்த கோத்தரும், உழவு செய்த படகரும், காட்டை நம்பியிருந்த குறும்பரும் இருளரும் ஒருவரையொருவர் சார்ந்து நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். தோடரின் குடியிருப்பு மந்து எனப்படும். உதகமண்டலம் என்னும் பெயரிலேயே அம்மந்து ஒளிந்துள்ளது என்பர். சல்லிவன் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தவர். மேய்ச்சல் நிலம் தோடருக்கே உரியது என்று அவர் தம் மேலதிகாரிகளுடன் வாதிட்டார். ஆயினும் அவர் கருத்து நிலைபெறவில்லை. புல்வெளிகளில் ஆஸ்திரேலிய நாட்டு யூகலிப்டசும் சீகை மரமும் நடப்பட்டன. தேயிலையும் சிங்கோனாவும் பரவின. 1848இல் உருவான தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் இன்றும் ஒரு தோடர் மந்து உண்டு. பூங்காவைக் காணச் செல்வோர், மலர்ப்பாத்திகளைக் காண்பது போலவே அதையும் ஒரு காட்சியாகக் கண்டு மீள்கின்றனர். பூங்காவுக்கு முன்பே அம்மக்கள் அம்மலையில் இருந்தனர் என்பதை எண்ணுவோர் சிலரே.

சுமந்தவர்கள்

மலைநகரங்களின் குளிர்ச்சியைப் பற்றி எழுதியோர் பலர். அங்கு ஏறிச் சென்றோரைத் தோளில் சுமந்தவர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். மோட்டார்ச் சாலை அமையுமுன், கோடைக்கானலுக்குச் சென்ற ஐரோப்பியர் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து நாற்காலிகளிலும் டோலிகளிலும் அமர்ந்து சென்றனர். அவர்களையும் அவர்தம் தட்டுமுட்டுப் பொருள்களையும் மேலே கொண்டு சேர்த்தவர்கள் நம் மக்களே. சிம்லாவில் ரிக்‌ஷாக்களை மனிதர் இழுத்தனர். ஒரு வண்டிக்கு நால்வர் வேண்டியிருந்தது. சிம்லாவைச் சூழ்ந்த சிற்றூர்களில் பேகார் எனப்படும் கட்டாய உழைப்பு முறை வழங்கிற்று. அதிகாரிகள் பயணம் வரும்போது உழவர் தம் வயலை விட்டுச் சுமை தூக்க வரவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கடில் குடியேறி, அம்மண்ணின் பெண்ணை மணந்து, இமாசலத்தில் ஆப்பிள் சாகுபடியைப் பரப்பிய சாமுவேல் எவான்ஸ் ஸ்டோக்ஸ், 1920, 1921ஆம் ஆண்டுகளில் இக்கொடுமையை எதிர்த்து மலைமக்களுடன் நின்று போராடினார். நாம் சிம்லாவிலிருந்து கூடை கூடையாக வாங்கிவரும் ஆப்பிள்களுக்குப் பின்னால் இப்போராட்டமும் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

இருப்புப்பாதை வந்தது

மனிதத் தோள்களின் சுமையைக் குறைத்தது இருப்புப்பாதையே. டார்ஜிலிங் பாதை 1881இலும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இலும், கால்கா–சிம்லா பாதை 1903இலும், மாதேரான் பாதை 1907இலும் இயங்கத் தொடங்கின. 1908இல் நீலகிரிப் பாதை உதகையை எட்டியது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழப் பன்னிரண்டடிக்கு ஓரடி என்னும் ஏற்றத்தில், தண்டவாளங்களின் நடுவே பற்கள் பொருந்திய இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு வண்டி ஏறுகிறது. எஞ்சின் முன்நின்று இழுக்காமல் பின்நின்று தள்ளுகிறது. டார்ஜிலிங், நீலகிரி, சிம்லா ஆகிய மூன்று பாதைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் முறையே 1999, 2005, 2008ஆம் ஆண்டுகளில் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

சிம்லாப் பாதையைக் குறித்து ஒரு செய்தி வழங்கிவருகிறது. மலையைக் குடையும் வழி காணாமல் பொறியாளர்கள் திகைத்தபோது, பால்கு என்னும் எழுத்தறியாத மலைவாசி தம் கைத்தடியால் பாறையைத் தட்டித் தட்டி வழி காட்டினார் என்பது அச்செய்தி. அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பது ஒருபுறம் இருக்க, சிம்லாவில் உள்ள இருப்புப்பாதை அருங்காட்சியகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மலையை அறிந்தவன் மலையில் வாழ்பவனே என்பதை அம்மக்கள் மறக்கவில்லை.

வடக்கில் வாழும் நமக்கு நெருக்கமான மற்றொரு வண்டியும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1929இல் தொடங்கப்பெற்ற கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி முதலில் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடியது. சிறிது காலம் லாகூரிலிருந்து நீலகிரி அடிவாரமாகிய மேட்டுப்பாளையம் வரை சென்றது. பின்னரே தில்லிக்கும் சென்னைக்கும் உரியதாயிற்று. நம்முள் எத்தனையோ குடும்பங்களைக் கூஜாவும் புளியோதரைப் பொட்டலமும் கையுமாக ஊருக்குச் சுமந்து சென்ற அவ்வண்டி, ஒரு காலத்தில் மலையடிவாரம் வரை சென்றது என்பது இன்று வியப்பளிக்கும்.

கடற்கரையின் கதை

கடற்கரைக்கும் இக்கதை பொருந்தும். சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் 1880களில் கடலோரம் உலாவும் பாதை அமைத்து அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். மாலையில் காற்று வாங்கச் செல்வோர்க்கு அது இன்பத் துறை. வலை உலர்த்தவும் கட்டுமரம் ஏற்றவும் அதே மணலை நம்பிய மீனவர்க்கோ அது வாழ்வின் தளம். 1985இல் கடற்கரையை அழகுபடுத்தும் பொருட்டு அவர்தம் படகுகளை அகற்ற முயன்றபோது மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர் சிலர் உயிரிழந்தனர். நெய்தல் நிலத்தின் அழகைக் காண வருவோர்க்காக நெய்தல் மக்களே விலகவேண்டும் என்னும் எண்ணம் எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு இது சான்று.

நமக்குக் கிடைத்த விடுமுறை

நாடு விடுதலை பெற்றபின் மலைநகரங்கள் பொதுமக்களுக்குத் திறந்தன. 1956இல் நடுவண் அரசு தன் ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகையை வழங்கத் தொடங்கிற்று. தொடக்கத்தில் அது சொந்த ஊர் சென்று மீள்வதற்கே உரியது. பின்னர் நான்காண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லலாம் என விரிந்தது. சொந்த ஊர் எது என்று படிவத்தில் எழுதும்போது கும்பகோணம் என்றும் திருநெல்வேலி என்றும் எழுதிய கைகள், நான்காம் ஆண்டில் காசுமீரம் என்றும் கன்னியாகுமரி என்றும் எழுதின. குமாஸ்தாவின் குடும்பமும் வைசிராய் உலவிய தெருவில் உலவலாயிற்று. இது சிறு மாற்றமன்று. மலையின் குளிர்ச்சி ஓர் இனத்தாரின் தனியுரிமையாயிருந்த நிலை இதனால் நீங்கியது.

ஆனால் உரிமையோடு கூட்டமும் வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்னதாகப் பதிவு செய்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. மலை தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நாமே உணராதபோது நீதிமன்றம் உணர்த்தவேண்டியிருந்தது.

நாமும் காணப்படுவோரே

நகரப் பயணத்தைக் குறித்து ஒன்று கூறி முடிக்கலாம். நாம் மலைக்குச் செல்வதுபோல, ஊரிலிருந்து உற்றார் உறவினர் நாம் வாழும் மாநகரங்களைக் காண வருகின்றனர். செங்கோட்டையையும், 1924இல் திறக்கப்பெற்ற இந்தியாவின் நுழைவாயிலையும், 1921இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவாலயத்தையும் நாம் அவர்களுக்குக் காட்டுகிறோம். அவர்கள் வியந்து மகிழ்ந்து மீள்கின்றனர். அந்நகரத்தில் நாம் எவ்வாறு வாழ்கிறோம், எந்த மொழியில் கடைக்காரரிடம் பேசுகிறோம், ஒற்றை அறையில் எத்தனை பேர் உறங்குகிறோம், பிள்ளைகளுக்கு எங்கே தமிழ் கற்பிக்கிறோம் என்று வினவுவோர் சிலரே. யாரேனும் ஒரு பெரியவர் அமர்ந்து, இங்கு வாழ்வு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டுவிட்டால், அன்று நம் இல்லத்துப் பெண்டிர் மனம் நிறைந்து பேசுவதை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த ஒரு கேள்வியின் அருமையை அறிந்தவர் நாம். ஆதலின் நாம் பயணம் செல்லும் இடங்களிலும் அதனைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். உதகையில் பூத்தையல் சால்வை விற்கும் தோடர் மூதாட்டியிடமும், சிம்லாவில் நம் பெட்டியைத் தூக்கிவரும் முதியவரிடமும், பூரியில் வலை இழுக்கும் மீனவரிடமும் விலையை மட்டும் கேட்டு மீள்வது போதாது. அவர் ஊர் எது, தொழில் எப்படி, மழை எப்படி என்று இரு சொல் கேட்கலாம். உடன் நிற்கும் பிள்ளைகள் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பர். பேரியாற்றங்கரையில் செங்குட்டுவன் செய்ததும் அதுவே. அடுத்த கோடையில் எங்குச் செல்வது என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழும்போது, அங்கு யாரைச் சந்திப்பது என்பதும் அப்பேச்சில் இடம்பெறுமாயின், நம் பயணங்கள் பண்டை மரபோடு மீண்டும் பொருந்துவனவாகும்.