முகாம் என்றால் இசை

2021 ஏப்ரலில், பாடப்புத்தகங்களுக்காக ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட செய்தியை ஷின்ஜியாங் நீதிமன்றம் வெளியிட்டது. அவர் பெயர் சத்தார் சாவுத். மலையில் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த கலகக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிராந்தியத்தின் கல்வித் துறைக்கே தலைவராக இருந்த அரசு அதிகாரி. லஞ்சப் புகாரும் இருந்தது. ஆனால் முதன்மையான குற்றச்சாட்டு, உய்குர் மொழிப் பாடநூல்களில் பிரிவினைவாதத்தைச் செருகினார் என்பது. தண்டனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. சீனாவில் இப்படி ஒத்திவைக்கப்படும் மரண தண்டனை பெரும்பாலும் ஆயுள் தண்டனையாக மாறிவிடும். அந்தப் புத்தகங்களோ, அரசே ஒப்புதல் கொடுத்து, பத்து வருடங்களுக்கும் மேலாக வகுப்பறைகளில் புழங்கியவை.

உய்குர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருவது 2017க்குப் பிந்தைய தடுப்பு முகாம்கள்தான். அந்த முகாம்களையும் இந்தத் தண்டனையையும் புரிந்துகொள்ள இன்னும் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். போனால் ஒரு விசித்திரமான கணக்கு கண்ணில் படும். உய்குர்கள் கேட்டது பத்தாண்டுக்குப் பத்தாண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த தண்டனை கூடிக்கொண்டே போயிருக்கிறது.

*

தக்லமகான் பாலைவனத்தைச் சுற்றி மாலை போலக் கிடக்கும் பாலைவனச்சோலை ஊர்கள் கஷ்கர், ஹோத்தான், அக்சு, துர்பான். மொழி துருக்கியக் குடும்பம். உஸ்பெக் மொழிக்கு நெருங்கிய உறவு. மதம் இஸ்லாம். 1759இல் சிங் பேரரசு இந்த நிலத்தைப் பிடித்தது. ஷின்ஜியாங் என்றால் 'புதிய எல்லை'. யாருக்குப் புதிது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அந்த மக்கள் தங்களைக் கஷ்கர்க்காரர், துர்பான்காரர் என்று ஊரை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொண்டார்கள். 'உய்குர்' எட்டாம் நூற்றாண்டில் மங்கோலியாவை ஆண்ட ஒரு பேரரசின் பெயர். 1921இல் தாஷ்கண்டில் கூடியவர்கள் அந்தப் பழைய பெயரை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 'அப்படியானால் இது நேற்று செய்த அடையாளம்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. நவீன தேசிய அடையாளங்களில் நேற்று செய்யப்படாதது எது?

பெயர் வந்த பிறகு நாடு கேட்டார்கள். 1933 நவம்பர் 12 அன்று கஷ்கரில் கிழக்குத் துர்கிஸ்தான் குடியரசு அறிவிக்கப்பட்டது. சில மாதங்களிலேயே வீழ்ந்தது. அதை வீழ்த்திய படை, சீன மொழி பேசும் ஹுய் முஸ்லிம்களின் படை. இந்த வரலாற்றை வெறும் மதச் சண்டையாகப் படிக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். சரியாகப் பதினொரு வருடம் கழித்து, 1944இல் அதே நவம்பர் 12 அன்று, சோவியத் ஆதரவோடு குல்ஜாவில் இரண்டாவது குடியரசு உருவானது. அடுத்த வருடமே ஸ்டாலின் அதைச் சீனாவோடு பேரம் பேசும் காயாக்கினார். 1949 ஆகஸ்டில் அதன் தலைவர் அஹ்மத்ஜான் காசிமியும் தோழர்களும் மாவோவின் அழைப்பை ஏற்று பெய்ஜிங் கிளம்பினார்கள். விமானம் வழியில் விழுந்தது. செய்தி மாதக்கணக்கில் வெளியிடப்படவில்லை. அதற்குள் சீன ராணுவம் ஷின்ஜியாங்குக்குள் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சீனக் கம்யூனிஸ்டுகள் 1931இல் ஜியாங்சியில் எழுதிய அரசமைப்பு, சிறுபான்மைத் தேசிய இனங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டு என்றது. குல்ஜாக்காரர்களின் எழுச்சியைச் சீன மக்கள் புரட்சியின் ஒரு பகுதி என்று மாவோவே பாராட்டினார். 2021இல் பாடநூல்களுக்கு எதிராக அரசுத் தொலைக்காட்சி காட்டிய சித்திரங்களில் அந்த எழுச்சியின் காட்சியும் ஒன்று. மாவோ புகழ்ந்த கதை, எழுபது வருடம் கழித்துப் பிரிவினைவாதம் ஆகிவிட்டது.

*

1955இல் 'ஷின்ஜியாங் உய்குர் தன்னாட்சிப் பிராந்தியம்' பிறந்தது. நாடு போய்த் தன்னாட்சி. பெயரில் தன்னாட்சி இருந்தது. கட்சிச் செயலாளர் நாற்காலி பெரும்பாலும் ஹான் சீனர்களிடம் இருந்தது. 1953 கணக்கெடுப்பில் சுமார் 6 சதவீதமாக இருந்த ஹான் மக்கள் 2020இல் 42 சதவீதம்.

எழுத்தையும் விடவில்லை. உய்குர் மொழிக்கு முதலில் சிரிலிக் எழுத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். சோவியத்தோடு உறவு கசந்ததும் லத்தீன் எழுத்து. பிறகு 1982இல் மறுபடியும் அரபு எழுத்து. இடையில் லத்தீனில் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தாத்தாவின் கடிதமும் புரியாது, பிள்ளையின் பாடப்புத்தகமும் புரியாது. தமிழில் எழுத்துச் சீர்திருத்தத்தில் சில எழுத்துகள் மாறியதற்கே நாம் எவ்வளவு சண்டை போட்டோம்!

தன்னாட்சியும் வெறும் பெயர்தான் என்று தெளிவான பிறகு, பண்பாட்டையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கினார்கள். உய்குர்களின் செவ்விசைக்கு 'முகாம்' என்று பெயர். பன்னிரண்டு பெரும் தொகுதிகள். முழுதும் பாட ஒரு நாள் போதாது. இருப்பிடம் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல்தான் உருது வழியாகத் தமிழுக்கும் வந்து, தங்குமிடம், பாசறை என்று நிலைத்தது. ஆக, 'உய்குர் முகாம்' என்ற இரண்டு சொல்லுக்கு அவர்கள் ஊரில் இசை என்று அர்த்தம். நம் செய்தித்தாள்களில் முள்வேலி என்று அர்த்தம்.

இந்த இசையும் நடனமும் கிண்டலும் அறிவுரையும் கலந்து ஊர் கூடும் நிகழ்ச்சிக்குப் பெயர் மஷ்ரப். தொண்ணூறுகளில் குல்ஜா இளைஞர்களிடையே குடியும் போதையும் பரவியபோது, ஊர்க்காரர்கள் மஷ்ரப்பை மீட்டெடுத்துப் பிள்ளைகளை அதிலிருந்து வெளியே இழுத்தார்கள். கால்பந்துப் போட்டிகள்கூட நடத்தினார்கள். அரசு பயந்தது. மக்கள் தாங்களாகக் கூடுகிறார்கள், அதுதான் பயம். 1995இல் தடை. 1997 பிப்ரவரி 5 அன்று குல்ஜாவில் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, பிறகு கைதுகளும் மரண தண்டனைகளும். இதே மஷ்ரப்பைத்தான் 2010இல் சீனா யுனெஸ்கோவின் பாதுகாக்க வேண்டிய மரபுகள் பட்டியலில் சேர்த்தது. மேடையில் ஆடினால் பாரம்பரியம், ஊரில் கூடினால் குற்றம்.

*

வன்முறை நடக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். 2009 ஜூலையில் உரும்ச்சியில் வெடித்த கலவரத்தில் அரசுக் கணக்குப்படி 197 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஹான் மக்கள். அதற்குப் பிறகு அந்தப் பிராந்தியம் முழுவதற்கும் சுமார் பத்து மாதம் இணையம் துண்டிக்கப்பட்டது. 2014இல் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியோடு வந்தவர்கள் 31 பேரைக் கொன்றார்கள். இவற்றைச் செய்தவர்களைத் தண்டிக்க எந்த அரசுக்கும் உரிமை உண்டு. ஆனால் யாரைத் தண்டித்தார்கள் என்று பாருங்கள்.

இல்ஹாம் தோஹ்தி பெய்ஜிங்கில் பொருளாதாரப் பேராசிரியர். 2006இல் 'உய்குர் ஆன்லைன்' என்ற இணையதளம் தொடங்கினார், அதுவும் சீன மொழியில். ஹான்களும் உய்குர்களும் ஒருவரோடொருவர் பேசட்டும் என்பதற்காக. அவர் தனிநாடு கேட்கவில்லை. சீனா 1984இல் தானே இயற்றிய தன்னாட்சிச் சட்டத்தை அமல்படுத்துங்கள் என்றுதான் கேட்டார். 2014 செப்டம்பரில் ஆயுள் தண்டனை. வகுப்பறையில் பேசியதே சாட்சியம். மிதவாதியை முடித்துவிட்டால் மிச்சம் இருப்பவர் எல்லோரையும் தீவிரவாதி என்று சொல்வது சுலபம்.

*

2016இல் திபெத்திலிருந்து சென் சுவான்குவோ கட்சிச் செயலாளராக வந்தார். அதன் பிறகு நடந்தது, மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் என்னை வேறு மாதிரி தொந்தரவு செய்கிறது. அங்கே போலீஸ்காரர்களின் கைபேசியில் இருந்த ஒரு செயலியை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பிரித்துப் பார்த்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. வழக்கத்தைவிட அதிகமாக மின்சாரம் செலவழித்தால் எச்சரிக்கை. முன்வாசலை அதிகம் பயன்படுத்தாவிட்டால், அக்கம்பக்கத்தாரோடு பழகாவிட்டால், தன் பெயரில் இல்லாத கைபேசியை வைத்திருந்தால் எச்சரிக்கை. உடனே அதிகாரி வீட்டுக்குப் போய் விசாரித்துப் பதிவேற்ற வேண்டும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு விதி, ஒரு வரம்பு, தாண்டினால் ஒரு அறிவிப்பு. மின்திருட்டைக் கண்டுபிடிக்க எழுதச் சொன்னாலும் ஏறக்குறைய இதைத்தான் எழுதுவோம். யாரோ ஒருவர் இதற்கும் சோதனை எழுதி, பிழை திருத்தி, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்திருப்பார். அந்த எச்சரிக்கைக்கு அந்தப் பக்கம் இருந்தவை முகாம்கள். அடைக்கப்பட்டவர்கள் பத்து லட்சம் அல்லது அதற்கு மேல் என்பது பரவலான மதிப்பீடு. சீனா அவற்றைத் தொழிற்பயிற்சி மையங்கள் என்றது. மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்றது 2022 ஆகஸ்டில் வந்த ஐநா மனித உரிமை அலுவலக அறிக்கை.

கேட்டது குறையக் குறைய, கடைசியில் கேட்காமல் இருப்பதே குற்றமானது. ரஹிலே தாவுத் அரசியல் பேசியவரே இல்லை. தர்காக்களையும் நாட்டார் கதைகளையும் தேடி ஊர் ஊராக அலைந்த மானுடவியலாளர். 2017 டிசம்பரில் காணாமல் போனார். ஆயுள் தண்டனை என்பது 2023இல்தான் வெளியே தெரிந்தது. ஹோத்தான் பள்ளிகளில் உய்குர் மொழிக்கே 2017இல் தடை வந்தது.

*

2022 அக்டோபரில் ஐநா அறிக்கையை விவாதிக்கலாமா என்று மனித உரிமை மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கவனியுங்கள், விவாதிக்கலாமா என்றுதான். ஆதரவு 17, எதிர்ப்பு 19. பாகிஸ்தானும் இந்தோனேசியாவும் கத்தாரும் எதிர்த்தன. 11 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இந்தியா அவற்றில் ஒன்று. எல்லோருக்கும் அவரவர் கணக்கு.

இப்போது ஊர்ப் பெயர்களுக்கு வந்திருக்கிறார்கள். 2009க்கும் 2023க்கும் இடையில் மதம், வரலாறு, பண்பாட்டைச் சுட்டும் சுமார் 630 கிராமப் பெயர்கள் மாற்றப்பட்டதாக ஓர் ஆய்வு சொல்கிறது. உய்குர்களின் இரட்டைத் தந்தி வாத்தியத்துக்குத் துத்தார் என்று பெயர். கராகாஷ் வட்டாரத்தில் துத்தார் என்றே ஒரு கிராமம் இருந்தது. 2022இல் அது செங்கொடி கிராமம் ஆகிவிட்டது.

நூறு வருடத்துக்கு முன்னால் ஊர்ப் பெயரை வைத்துத் தங்களை அழைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். இன்று அல்மாட்டியிலும் இஸ்தான்புல்லிலும் பிறக்கும் உய்குர் குழந்தை தன் அப்பாவின் ஊரை வரைபடத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். யாராவது பழைய பெயரைச் சொல்லிக்கொடுத்திருந்தால்தான் உண்டு.