நவூருவின் உணவு மாற்றமும் உடற்பருமனும்

நவூரு, பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த தீவு நாடு ஆகும். இங்கு வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் உடற்பருமன் உடையவர்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் இதுவும் ஒன்று. சோம்பலும் பெருந்தீனியுமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அத்தீவின் நிலத்துக்கு நேர்ந்ததை அறிந்தால் அவ்வாறு சொல்லத் தோன்றாது.

பழைய உணவு

தேங்காய், தாழை இன மரத்தின் பழம், மீன் ஆகியவையே நவூரு மக்களின் முதன்மை உணவாக இருந்தன. கடலோரத்தில் பிடித்த பால்கெண்டைக் குஞ்சுகளைப் புவாடா ஏரியில் விட்டு வளர்த்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் பஞ்சமும் வந்தது.

பாஸ்பேட் சுரங்கம்

1888இல் ஜெர்மனி தீவைக் கைப்பற்றியது. 1900இல் பாஸ்பேட் படிவு கண்டறியப்பட்டு, 1906இல் தோண்டும் பணி தொடங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக அது கப்பலேறியது. காலப்போக்கில் தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் தோண்டப்பட்டு, சுண்ணாம்புப் பாறை முனைகள் மட்டுமே எஞ்சின. தாழை மரங்கள் நின்ற மேட்டுநிலமும் அவ்வாறே அழிந்தது. பிற்காலத்தில் திலாப்பியா மீன் புகுந்ததால் பால்கெண்டை வளர்ப்பும் நலிந்தது.

இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்த ஜப்பானியர், 1943இல் சுமார் 1,200 பேரைத் துருக் தீவுகளுக்கு நாடு கடத்தினர். பட்டினியாலும் நோயாலும் பலர் மாண்டனர். 1946இல் 800க்கும் குறைவானோரே திரும்பினர்.

கப்பலில் வந்த உணவு

1968இல் நவூரு விடுதலை பெற்றது. பாஸ்பேட் வருவாயால் 1970களில் தனிநபர் வருமானம் உலகின் உச்சத்தை எட்டியது. தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை, டப்பா இறைச்சி, குளிர்பானம் எல்லாம் கப்பலில் வந்திறங்கின. இவற்றில் நார்ச்சத்து குறைவு, கலோரி மிகுதி. வயிறு நிறைந்த உணர்வு வருமுன்பே தேவைக்கு மேல் உண்ண நேரிடும். 1975இல் பால் சிம்மெட் குழுவினர் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது.

பஞ்ச காலத்துக்காகக் கொழுப்பைச் சேமிக்கும் மரபணுவே இதற்குக் காரணம் எனச் சிலர் கருதினர். 1962இல் ஜேம்ஸ் நீல் முன்வைத்த கருதுகோள் இது. உடலியல்பு ஓரளவு பங்காற்றியிருக்கலாம். எனினும், மரபணு ஓரிரு தலைமுறையில் மாறுவதில்லை; மாறியது உணவே.

இன்றைய நிலை

1990களில் பாஸ்பேட் வருவாய் சரிந்தது. பணம் போயிற்று, கப்பல் உணவு மட்டும் நிலைத்தது. 2007இல் அரசு சர்க்கரைக்கும் இனிப்புப் பானங்களுக்கும் 30 விழுக்காடு இறக்குமதி வரி விதித்தது. குடிநீர்ப் புட்டிகளுக்கு வரி நீக்கப்பட்டது. சர்க்கரையின் விலையை வரியால் உயர்த்தலாம். காய்கறி விளைய மண் வேண்டும். அந்த மண்ணை மீட்பதே இன்று நவூருவின் முன்னுள்ள பெரும்பணி.