பளிங்கின் கீழே ஒரு தாய்

தாஜ்மகாலைக் கண்டு வருவோர் ஷாஜகானின் காதலைப் புகழ்கின்றனர். கவிஞர் பாடுகின்றனர், கலைஞர் வியக்கின்றனர். வியக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், அந்தப் பளிங்கின் கீழே கிடப்பவள் எப்படி மாண்டாள் என்று கேட்போர் எத்தனை பேர்? நாம் கேட்போம்.

மும்தாஜ் 1593-இல் பிறந்தாள், 1612-இல் மணமுடித்தாள். அதன்பின் 19 ஆண்டுகளில் 14 பிள்ளைகள்! அவர்களுள் வளர்ந்து ஆளானோர் எழுவரே. தக்காணத்துப் போருக்கு மன்னன் புறப்பட்டான். அவளும் உடன் சென்றாள். தபதிக் கரையிலுள்ள புர்ஹான்பூரில், 1631 சூன் திங்களில், பதினான்காம் குழந்தை பிறந்தது. தாய் மடிந்தாள். அப்போது அவளுக்கு வயது 38.

விதி என்பர் பழைமை விரும்பிகள். மருத்துவம் சொல்வது வேறு. மகவு வெளிவந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் குருதி நிற்கும். பலமுறை பெற்றுத் தளர்ந்த கருப்பை சுருங்கத் தவறினால், குருதி பெருகி உயிரையே குடிக்கும். 35 வயதைக் கடந்த தாய்க்கோ, சூல்காலத்தில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு மிகுதி, கருச்சிதைவும் மிகுதி.

பேரரசனிடம் என்ன குறை? பொன் இருந்தது, பணியாளர் இருந்தனர், அரண்மனை மருத்துவர் இருந்தனர். அறிவியல் இல்லை! குருதி வகைகளை லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து வெளியிட்டதே 1901-இல். கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் மருந்து 20-ஆம் நூற்றாண்டின் கொடை. அன்று பேரரசிக்குக் கிட்டாதது, இன்று ஏழைத் தாய்க்கும் அரசு மருத்துவமனையில் கிட்டுகிறது. இந்தியாவில் 2004–06-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 254 தாய்மார் மாண்டனர். 2018–20-இல் அது 97. நேர்த்திக்கடனா இதைக் குறைத்தது? மருத்துவமனையும் குருதி வங்கியும் செவிலியர் உழைப்புமே குறைத்தன.

நாற்பதை நெருங்கும் பெண்ணை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. இன்னொரு குழந்தையை அவளே விரும்பினால், தொடக்கத்திலேயே மருத்துவரை நாடட்டும். கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்து பார்க்கட்டும். குருதி ஏற்றும் வசதியுள்ள இடத்தில் பெறட்டும். ஆனால், ஆண் வாரிசு வேண்டுமென்று மாமியார் முடிவு செய்வதும், ஆண்டவன் கொடுப்பதைத் தடுக்கலாமா என்று கணவன் கேட்பதும், நாள் நன்றாயிருக்கிறதென்று சோதிடன் சொல்வதும், உயிரை மட்டும் அவள் பணயம் வைப்பதும் என்ன நியாயம்?

இறந்தபின் எழுப்பும் பளிங்கு மாளிகையினும், இருக்கும்போது "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கும் ஒரு சொல் உயர்ந்தது. தோழர்களே, அதைக் கேட்கும் ஆடவராக நாம் இருப்போம்!