குழல்வாயும் பித்தளைக் கூடும்: காவிரிப் படுகையில் கைக்கெட்டிப்பின் வரலாறு

முன்னுரை

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதுக் கேப்பு (அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்து அளந்து, குண்டு பதித்து மீண்டும் பயன்படுத்துவது அமெரிக்கத் துப்பாக்கிக்காரர் பலருக்குப் பழகிய கைவேலை. பூதலூர் வட்டாரம் உள்ளிட்ட காவிரிப் படுகையில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. மருந்தையும் ரவையையும் குழல்வாயில் இட்டுக் கெட்டிக்கும் பழைய முறையோ தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1878 முதல் ஆயுதச் சட்டங்கள் வகுத்த எல்லையே இவ்வேறுபாட்டைப் பெரிதும் உருவாக்கியது என இக்கட்டுரை வாதிடுகிறது.

கையிலிருந்து ஆலைக்கு

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கருமருந்து. நாட்டுத் துப்பாக்கியில் அதை அளந்து கொட்டி, அடைப்பு வைத்து, ஈய ரவை இட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் அளவைத் தீர்மானித்தவர் சுடுபவரே. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளும் குழல்வாய் வழியாகவே கெட்டித்தன. 1857 கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்றான என்ஃபீல்டு தோட்டா, பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டும் காகிதப் பொட்டலம்தான்.

1866இல் பிரிட்டிஷ் படை ஏற்ற ஸ்னைடர் துப்பாக்கி பின்புறமாகத் தோட்டா ஏற்றியது. கேப்பு, மருந்து, குண்டு மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. அளவைத் தீர்மானிக்கும் வேலை ஆலைக்குப் போனது. புனே அருகே கிர்க்கியில் 1869இல் தோட்டாத் தொழிற்சாலை எழுந்தது. நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் புகையற்ற மருந்தான கார்டைட் ஆலை நிறுவப்பட்டது.

சட்டம் கிழித்த கோடு

தென்னாட்டில் ஆயுதப் பறிப்பு 1878 சட்டத்துக்கும் முந்தியது. பாளையக்காரர் போர்கள் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. வைசிராய் லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் உரிமமுறையை விரித்தது. அதன் வரையறை நுட்பமானது: கேப்பும் தோட்டா செய்யும் எந்திரமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன, ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றை அவ்வரையறை விலக்கியது.

1959 ஆயுதச் சட்டமும் தோட்டாவின் உறுப்புகளையும் அவற்றைச் செய்யும் எந்திரங்களையும் தோட்டாவுக்குச் சமமாகவே வைத்தது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்குக் குழல்வாய்த் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கு உரிமம் வழங்க வழிசெய்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் எல்லை தெளிவாகும்: குழலில் மருந்து கெட்டிப்பது ஆயுதத்தைப் பயன்படுத்துவது, கூட்டில் மருந்து அடைப்பது உற்பத்தி. பின்னதற்குத் தனி உரிமம் வேண்டும்.

தொழில்நுட்பமும் இத்தடைக்குத் துணைநின்றது. பிரிட்டிஷ் மரபுப் .303 தோட்டாக்களில் பெர்டன் வகைக் கேப்பே வழக்கம். கேப்பு நசுங்கி வெடிக்க உதவும் பட்டடை கூட்டிலேயே அமைந்திருப்பதால் பழைய கேப்பைக் கழற்றுவது கடினம். கூட்டின் நடுவில் ஒரே துளையுள்ள பாக்சர் வகையில் அது எளிது. இம்முறைகளை வகுத்தவர்களில் பாக்சர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனாலும் பாக்சர் முறையே அமெரிக்காவில் பரவி மறுகெட்டிப்புக்கு வழிதிறந்தது.

படுகையில் எஞ்சியது

தமிழ்நாட்டில் கெட்டிப்புத் திறனைத் தலைமுறைகளாகக் காத்தவர்களில் நரிக்குறவர் முக்கியமானவர்கள். கொக்கு, மடையான், உள்ளான் எனத் தண்ணீர் நின்ற வயல்களின் பறவைகள் அவர்களுக்கு உணவும் விற்பனைப் பொருளுமாயின. சிறு பறவைக்குச் சிறு ரவையும் குறைந்த மருந்தும் போதும். அந்த அளவு, பழகிய கைக்குத்தான் பிடிபடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டைக்கு முழுத்தடை கொண்டுவந்த 1991 திருத்தமும் அத்திறனின் பிழைப்பு அடிப்படையை அகற்றின.

இதற்கிடையே, பூதலூருக்கு மேற்கே திருச்சியில் 1966இல் மத்திய அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. நவீன ஆயுத உற்பத்தி படுகையின் விளிம்புக்கே வந்தபோதும், மறுகெட்டிப்பு குடிமக்களின் கைவேலையாகவில்லை.

முடிவுரை

கைக்கெட்டிப்பு அமெரிக்காவில் தோட்டாவோடு சேர்ந்து வளர்ந்தது; இங்கே குழல்வாய்த் துப்பாக்கியோடு நின்றது. உழவருக்குப் பயிர்க் காவல் துப்பாக்கியை விட்டுக்கொடுத்த அரசு, தோட்டா செய்யும் அறிவைத் தன் ஆலைகளுக்குள் வைத்துக்கொண்டது. காலனிய அரசு தொடங்கிய அந்தப் பிரிவினையைச் சுதந்திர இந்தியாவும் தொடர்ந்தது.