பூட்டிய பள்ளியும் திறந்த திண்ணையும்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்த கல்லூரி ஒன்றைக் குறிக்கின்றது. மாணாக்கர்க்கு அளக்க வேண்டிய நெல்லும், அதற்கென விடப்பட்ட நிலமும் அதில் கணக்கிட்டு எழுதப்பெற்றுள்ளன. அவன் மகன் வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டோ பள்ளி, மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை ஆகிய மூன்றையும் ஒரே கோயிலின் செலவில் வைத்துப் பேசுகின்றது. சோறும் மருந்தும் உடன் வராத கல்வி நிலைக்காது என்பதை நம் அரியலூர் மண்ணிலிருந்து ஆண்டோர் அறிந்திருந்தனர். ஆயினும் அங்கே ஓதப்பெற்றவை வேதமும் வடமொழி இலக்கணமும், ஓதினோர் சிலரே. உழுதவன் பிள்ளைக்கு அந்த 340 பேரில் இடமில்லை. இதனையும் சேர்த்துச் சொல்லாமல் அப்பெருமையை மட்டும் பாடுதல் நேர்மையன்று.

1918ஆம் ஆண்டின் இன்புளூயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டே ஆண்டில், 1920இல், சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது; அவ்வாண்டிலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகட்கு உணவளிக்க முற்பட்டது. நோய்தான் இவற்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்வி கேட்டெழுந்த சமூகக் குரலே முதற்காரணம். ஆயினும் பசித்த வயிறும் பள்ளியும் ஒருங்கே எண்ணப்பட்ட தொடக்கம் அது. அந்த எண்ணம் 1956இல் காமராசரால் மாநிலத் திட்டமாகி, 1982 ஜூலையில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவாக விரிந்தது. அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் பாப்பாக்குறிச்சி இருந்த அதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் இருந்தன.

பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் பிரிந்தது. மானாவாரி நிலமும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் ஒருபுறம்; சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும் மறுபுறம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டபோது, பெரம்பலூர் 74இலும் அரியலூர் 71இலும் நின்றன. இத்தகைய மண்ணின்மேல்தான் கொரோனா வந்து விழுந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்டன. மே முதல் வாரத்தில், கோயம்பேடு சந்தையில் கூலி வேலை செய்துவந்த நம் ஊரார் திரும்பியபோது இரு மாவட்டங்களிலும் நோய்க்கணக்கு திடுமென ஏறிற்று. பிழைக்கப் போனவனை ஊர் எல்லையில் அஞ்சி நோக்கிய நாட்கள் அவை. நம் கவிஞர்கள் அதனை இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை. ஜூன் 9ஆம் நாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொண்டு அனைவரும் தேர்ச்சி பெற்றனர்.

பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் பெயர்ந்தன. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியச் சிற்றூர் வீடுகளில் கணினி இருந்தவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி இருந்தவை 14.9. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும் என்றால், மூன்று பிள்ளைகள் எதில் படிப்பது? புதுமை என்று நாம் கொண்டாடிய கருவி, இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே இன்னொரு சுவரானது.

2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. மாலை வேளையில், ஊர்த் தன்னார்வலர் ஒருவர் ஏறத்தாழ இருபது பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தல். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இப்பணியில் இறங்கினர், பெரும்பாலோர் பெண்கள். வீட்டுத் திண்ணையும் கோயில் மண்டபமும் மரத்தடியும் வகுப்பறைகளாயின. கலைக்குழுவினர் பறையும் பாட்டுமாய் ஊர்ஊராய்ச் சென்றனர். 1990களின் அறிவொளி இயக்கத்தைக் கண்டவர்க்கு இது புதிய காட்சியன்று. புதுக்கோட்டைப் பெண்கள் மிதிவண்டி ஏறிய நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

நிலையான ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் தன்னார்வலரை வைப்பதா என்று சிலர் எதிர்த்தனர். அவ்வினா நியாயமானதே. ஆயிரம் ரூபாய் ஓர் ஊதியமாகாது. ஊர்ப்பெண்ணின் நல்லெண்ணத்தை அரசு மலிவாக வாங்கிக்கொண்டது என்றும் சொல்லலாம். எனினும் அந்த மாலைகளில் வேறு யார் வந்தார்கள்? இத்திட்டம் தொடக்கத்தில் இருந்த அளவில் பின்னர் நீடிக்கவில்லை. கலைக்குழுவினர் பாடிய பாடல்களும் ஏடேறாமல் மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுக்க இவ்விரு மாவட்டங்களிலும் நம் வட்டத்தாரைவிடப் பொருத்தமானவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இழப்பின் அளவு 2022இல் புலப்பட்டது. அசர் ஆய்வின்படி, தமிழகச் சிற்றூர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கவல்ல மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்கு 10.2; 2022இல் 4.8. அவ்வாண்டு ஜூனில் எட்டு வயதுக்குட்பட்டோர்க்கென 'எண்ணும் எழுத்தும்' வந்தது. செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு வந்தது. நூற்றாண்டுக்கு முன் ஆயிரம்விளக்கில் எண்ணியதே மீண்டும் எண்ணப்பட்டது.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த நாள் 2021 நவம்பர் 1. 2020இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, வகுப்பறையில் முதன்முதலாக அமர்ந்தபோதே இரண்டாம் வகுப்பு மாணவன். கரும்பலகையில் 'அ' எழுதும் கையை அவன் அதுவரை கண்டதில்லை. அவனொத்த பிள்ளைகள் 2030இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவர்.